ஏறினால்தானே இலவசம்?

2021லிருந்து டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளியான எனக்கு டிக்கெட் இலவசம். துணைக்கு வருகிறவருக்கும் இலவசம். நல்ல விஷயம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஏறினால்தானே சார் இலவசம்?

இடது காலில் கேலிப்பர் என்கிற தாங்குச் சட்டம், கக்கத்தில் ஊன்றுகட்டை. எங்கள் ஊரிலிருந்து மன்னார்குடி போக நின்றால், பஸ் நடைமேடையை ஒட்டி நிற்கவே நிற்காது. நாலடி தள்ளித்தான். இறங்கி, ஐப்பசி மழைச் சேற்றில் கட்டையை ஊன்றி, முழங்கால் உயரப் படியில் ஏற வேண்டும். கம்பியைப் பிடித்தால் கட்டையை என்ன செய்வது? யோசிப்பதற்குள் விசில்.

போன வாரம் ஒரு அண்ணன் கேட்காமலே அக்குளில் கைகொடுத்து, நெல் மூட்டை மாதிரி தூக்கி உள்ளே போட்டார். தங்கமான மனசு. கட்டை மட்டும் கீழேயே கிடந்தது. அப்புறம் யாரோ ஜன்னல் வழியாக நீட்டினார்கள். உள்ளே 'மாற்றுத்திறனாளிகள்' என்று எழுதிய சீட்டில் ஒரு வாழைத்தார் சௌகரியமாகச் சாய்ந்திருந்தது. அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டாச்சாம்!

பஸ்ஸும் பஸ் நிலையமும் எங்களுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்று 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்கிறது. சென்னையில் தாழ்தளப் பேருந்து ஓடுகிறது. இங்கே ஸ்டாண்டில் ஒரு சாய்தளம் உண்டு, டீக்கடை பால் கேன்கள் ஏறி இறங்க. 'பொது'ப் போக்குவரத்து என்கிறார்களே, அந்தப் பொதுவில் வாழைத்தார் இருக்கிறது, பால் கேன் இருக்கிறது.

"அடுத்த வண்டி காலியா வரும் சார்" என்கிறார் கண்டக்டர். நாளைக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.