'வந்தது' என்று எழுதுவதில் ஒரு சிக்கல்

நவீனக் கட்டடக்கலை வரலாறு பற்றி எதை எடுத்துப் படித்தாலும் ஒரு கட்டத்தில் இந்த வாக்கியம் தலைகாட்டிவிடும்: "பிறகு அது இந்தியாவுக்கு வந்தது, இலங்கைக்கு வந்தது, ஆப்பிரிக்காவுக்கு வந்தது." என்னவோ ரயில் வந்த மாதிரி. எனக்கு அந்த 'வந்தது'தான் உறுத்துகிறது.

ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் பானிஸ்டர் ஃபிளெச்சரின் கட்டடக்கலை வரலாற்று நூலில் ஒரு மரத்தின் படம் உண்டு. 1896-இல் முதலில் வெளிவந்து, தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்த நூல். கிரேக்கமும் ரோமும் நடுமரம். உச்சியில் ஐரோப்பாவும் அமெரிக்காவும். இந்தியா, சீனா, பெரு எல்லாம் அடியிலேயே பக்கக் கிளைகள். அவற்றிலிருந்து மேலே எதுவும் துளிர்ப்பதில்லை. பின்னால் வந்த பதிப்பில் இந்தியா, சீனா, ஜப்பான் எல்லாவற்றையும் 'வரலாறு சாராத பாணிகள்' என்று தனியாகவே ஒதுக்கிவிட்டார். ஆயிரம் வருடக் கோயில் வரலாறு சாராததாம்!

மரத்தை இப்போது எல்லாரும் கேலி செய்கிறோம், சரி. எழுதும் முறை மாறியதா?

சண்டிகரில் சட்டமன்றம், உயர்நீதிமன்றம், தலைமைச் செயலகம் எல்லாம் இருக்கும் கேபிடல் வளாகம் 2016-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. எப்படி? ஏழு நாடுகளில் உள்ள 17 இடங்களில் ஒன்றாக, அதை வடிவமைத்த சுவிஸ்-பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் படைப்பு என்ற கணக்கில். கட்டியபோது எடுத்த புகைப்படங்களைப் பாருங்கள். பெண்கள் கான்கிரீட்டைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார்கள். கான்கிரீட் வார்க்க அடித்த பலகையின் அச்சு சுவரில் இன்றும் தெரியும். அந்தச் சொரசொரப்பு மேதையின் அழகியல் என்பார்கள். அழகுதான், நானும் ரசிப்பவன். ஆனால் பலகை அடித்த தச்சர் எங்கே? அங்கே வேலை பார்த்த ஊர்மிளா யூலி சௌத்ரி போன்ற நம் கட்டடக் கலைஞர்களுக்கே அடிக்குறிப்புதான் என்றால், தச்சரை யார் தேடப்போகிறார்கள்? (அந்த நகரத்துக்காக நிலமிழந்த கிராமத்தாரை வெளியேற்றியது வெள்ளைக்காரன் இல்லை, சுதந்திர இந்தியா. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.)

கண்டியைச் சேர்ந்த மினெட் டி சில்வா 1948-இல் பிரிட்டனின் கட்டடக் கலைஞர் கழகத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல். அவர் வடிவமைத்து 1951-இல் முடிந்த கருணாரத்ன வீட்டில் கான்கிரீட்டும் இருக்கிறது, கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவும் அரக்கு வேலையும் இருக்கின்றன. அந்த நெசவு ஒப்பனை இல்லை, வீட்டின் பாகம். அவர் பெயர் நம் காதுக்கு வரவே எத்தனை காலம் ஆயிற்று! அதற்குள் 1950-களிலேயே லண்டனில் 'வெப்பமண்டலக் கட்டடக்கலை' என்று தனிப் பாடப்பிரிவு தொடங்கிவிட்டார்கள். காலனி ஆட்சி என்ற சொல் இருந்த இடத்தில் வெயில் என்ற சொல் உட்கார்ந்துகொண்டது.

கடைசியாக ஒரு அஞ்சலட்டை. 1927-இல் ஸ்டுட்கார்ட்டில் கட்டிய வைசன்ஹோஃப் குடியிருப்பு: தட்டைக் கூரை, வெளிர் சுவர். நவீனத்தின் பிறப்பிடங்களில் ஒன்று என்பார்கள். அதைப் பிடிக்காத ஜெர்மானியர்கள் அதன் படத்தில் ஒட்டகங்களையும் சிங்கத்தையும் ஒட்டி, 'அரபுக் கிராமம்' என்று அச்சடித்துப் பரப்பினார்கள். இனவெறிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கூரையையும் சுவரையும் முன்பே எங்கே பார்த்திருக்கிறோம் என்று அந்த வெறியர்களுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. ஸ்டுட்கார்ட்டுக்கு அது 'வந்தது' என்று மட்டும் யாரும் எழுதக் காணோம்.