சஸ்காட்செவனில் வயலைத் தின்றதா சுரங்கம்?

பொட்டாஷ் (உரத்துக்குப் பயன்படும் பொட்டாசியம் உப்பு) சுரங்கங்கள் வந்ததும் கனடாவின் சஸ்காட்செவனில் விவசாயம் அழிந்துவிட்டது என்று ஒருவர் எழுதியிருக்கிறார், அது தவறு. அந்தப் பொட்டாஷ் பெரும்பாலும் தரைக்குக் கீழே ஏறத்தாழ 1 கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிறது, 1960களிலிருந்து கீழே வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள், மேலே கோதுமையும் கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரும் விளைந்துகொண்டேதான் இருக்கின்றன. சுரங்கத்தருகே குவியும் உப்புக் கழிவு இடத்தை அடைக்கிறது, சரி, ஆனால் கனடாவின் சாகுபடி நிலத்தில் 40 சதவீதத்துக்கு மேல் இன்னும் அந்த ஒரே மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கே யுரேனியமும் எடுக்கிறார்கள், ஆனால் அது மாகாணத்தின் வடக்கே, காடும் பாறையுமான பகுதியில், அங்கே உழுவதற்கு வயலே கிடையாது. அப்புறம், இந்தியா இறக்குமதி செய்யும் மைசூர் பருப்பில் ஒரு பெரிய பங்கு எங்கே விளைகிறது என்று நினைக்கிறீர்கள்? சஸ்காட்செவனில்தான். 2021இல் அங்கே விளைச்சலைச் சரித்தது வறட்சி, சுரங்கம் இல்லை.