பிரம்பைக் காட்டிய சினிமா படிவத்தைக் காட்டவில்லை

தேயிலைத் தோட்டம் என்றாலே நம் நினைவுக்கு வருவது கங்காணியின் பிரம்பு, அட்டைக்கடி, கொள்ளைநோய். 2013-ல் வந்த 'பரதேசி' இவற்றை நன்றாகவே காட்டியது. பி.எச். டேனியல் 1969-ல் எழுதிய நாவலை ஒட்டிய படம் அது. நாவலின் களம் ஆனைமலை. அதையே சிலோன் கதை என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. சிலோனுக்குப் போனவர்களுக்குப் பிரம்படி மட்டுமா விழுந்தது? அவர்களை முறித்தது ஒரு படிவம். அதைப் படமாக எடுப்பது கஷ்டம் என்பதாலோ என்னவோ, அந்தக் கதை நம் பக்கம் பேசப்படவே இல்லை.

1948-ல் இலங்கை கொண்டுவந்த 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். 'இந்தியர்' என்ற சொல்லை வைத்து யாரையும் அது விலக்கவில்லை. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, அப்பாவும் இலங்கையில் பிறந்தவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவழித் தாத்தா, அவருடைய அப்பா இருவரும் அங்கே பிறந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். எல்லோருக்கும் பொதுவான விதி போலத் தெரியும். ஆனால் காலியிலோ கண்டியிலோ ஒரு சிங்களவரிடம் போய் "உன் அப்பன் பிறந்த சான்றிதழ் எங்கே?" என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிப் பேர் முழித்திருப்பார்கள். கேள்வி லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த வரிசை வீடுகளுக்கு மட்டும்தான் வந்தது. 1911 கணக்கெடுப்பிலேயே 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தார்களே, யாரிடம் கேட்பது என்று அந்தக் கட்டம் சொல்லிக் கொடுத்தது.

எதற்கு இவ்வளவு அவசரம்? 1947 தேர்தலில் தோட்டத் தமிழர்களின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 இடங்களைப் பிடித்திருந்தது. இன்னும் பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குப் போயின. பிரதமர் டி.எஸ். சேனநாயக்காவுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்தது. குடியுரிமை போனது, 1949-ல் வாக்காளர் பட்டியலும் குடிமக்களுக்கு மட்டும் என்றானது, 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் இடம்கூட இல்லை.

கவனிக்காமல் விடப்படும் ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. தொகுதி பிரிக்கும்போது 75,000 பேருக்கு ஓர் இடம், 1,000 சதுர மைலுக்கு ஓர் இடம் என்பது விதி. 1959 திருத்தத்துக்குப் பிறகு அந்த 75,000-ல் நாடற்றவர்களையும் எண்ணினார்கள். அதாவது தோட்டத் தொழிலாளியின் தலை மலையகத் (இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைப் பகுதி) தொகுதிகளின் எண்ணிக்கையைக் கூட்டும், அவர் கைக்கு மட்டும் வாக்குச்சீட்டு வராது. அந்தக் கூடுதல் இடத்துக்கு யாரை அனுப்புவது என்பதைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள வாக்காளர் தீர்மானிப்பார். உரிமையைப் பறித்ததோடு, பறிகொடுத்தவனின் எடையையும் எதிர்த்தட்டில் தூக்கி வைத்த வேலை இது.

"பதிவு செய்துகொள்ள வழி விட்டார்களே" என்று வாதிடுபவர்கள் 1949-ன் இந்திய பாகிஸ்தானியர் சட்டத்தைக் காட்டுவார்கள். அந்த வழியில் எத்தனை முள் என்று பாருங்கள். 1946 ஜனவரி 1-க்கு முன்பே, கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் தொடர்ந்து இலங்கையில் இருந்திருக்க வேண்டும். நடுவில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் தொடர்ச்சி அறுந்தது. ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம், கொஞ்சம் நிலத் தகராறு என்று திருச்சிப் பக்கம் போனவர் ஒரு வருடம் தங்கிவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். மனைவியும் அங்கேயே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். பிள்ளைப்பேற்றுக்கு ஊருக்கு அனுப்பியிருந்தால் அதுவும் சிக்கல். போதிய வருமானம் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் சான்று எங்கே இருக்கிறது? செக்ரோல் என்ற வருகை-சம்பளப் பதிவில், தோட்டத்துப் பதிவேட்டில், அதாவது தோட்ட நிர்வாகியான துரையின் ஆபீஸ் அலமாரியில். எழுதியவர் இங்கிலீஷில் எழுதுவார். ராமாயி ஓரிடத்தில் ராமி, இன்னோரிடத்தில் ராமாய். படிவத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அவர்கள் மூன்று பேர். விண்ணப்பிக்க இரண்டே வருட அவகாசம், 1951 ஆகஸ்ட் 5 கடைசி நாள். ஏறக்குறைய 2,37,000 விண்ணப்பங்கள், அவற்றில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்கள். கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

யாழ்ப்பாணத்து அரசியல் இதில் கை கழுவியதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி.ஜி. பொன்னம்பலம் அரசில் சேர்ந்து அமைச்சரானார். அதை ஒப்பாத அவர் கட்சிக்காரர் செல்வநாயகம் பிரிந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி தொடங்கினார். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்ற வசவுகள் சிங்களத்திலிருந்து மட்டும் வந்தவை அல்ல, நல்ல தமிழிலும் வந்தவை. லயத்துக்குள்ளே மட்டும் என்ன வாழ்ந்தது? பெரிய கங்காணிகள் பெரும்பாலும் ஆதிக்கச் சாதியினர், கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். கடல் தாண்டியும் எந்தச் சாதிக்கு எந்த லயம் என்ற ஒழுங்கு தாண்டவில்லை. 'மலையகத் தமிழர்' என்று ஒற்றைச் சொல்லில் உருகுபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

1964 அக்டோபர் 30. இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம். நாடற்றவர்கள் 9,75,000 பேர். இந்தியா 5,25,000, இலங்கை 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்கள். 1974-ல் அதையும் சரிபாதியாக, 75,000 வீதம் பிரித்தார்கள். இலங்கை 4 பேரை ஏற்றால் இந்தியா 7 பேரை எடுக்கும் என்ற விகிதம். சந்தையில் தேங்காய் பிரிப்பதுகூட இதைவிட மரியாதையாக நடக்கும். சம்பந்தப்பட்ட மக்களை யாரும் கேட்கவில்லை. அப்பா இந்தியாவுக்கு, கல்யாணமான மகள் இலங்கைக்கு என்று குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறும் தலைமன்னார்த் துறையில் அறுந்தன.

இந்தப் பக்கம் இறங்கியவர்களுக்கு மண்டபம் முகாம், ஒரு குடும்ப அட்டை, பிறகு தமிழ்நாடு அரசின் தேயிலைக் கழகமான டான்டீயின் தோட்டமோ சிறுதொழில் கடனோ. நீலகிரியில் மறுபடியும் அதே கொழுந்து, அதே லயம். இங்கே பெயர் 'சிலோன்காரன்'. அங்கே இந்தியாக்காரன்.

1984-ல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டு வாங்கியும் கப்பலேற முடியாதவர்கள் அங்கேயே தங்கினார்கள். எஞ்சியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003-ல் வந்தது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வசித்தவரும் அவர்கள் வழிவந்தவரும் தகுதி பெற்றார்கள். அது வந்த பிறகும் லயத்து வாசலுக்கு ரோடு போட உள்ளூராட்சிச் சபை பணம் செலவழிக்க முடியவில்லை. 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவு குறுக்கே நின்றது. அதைத் திருத்தியது 2018-ல்.

இதில் எனக்குப் பெரிய கோபம் தமிழ்நாட்டு முகாம்களை நினைக்கும்போதுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு படகில் தப்பி வந்தவர்களில் மலையகத்துக் குடும்பங்களும் உண்டு. ஒரே லயத்தில் பிறந்த அண்ணன் 1972-ல் கப்பலில் வந்திருந்தால் அவர் இந்தியக் குடிமகன், கையில் குடும்ப அட்டை. தம்பி 1984-ல் படகில் வந்திருந்தால் குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் அவர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் என்று மூன்று நாடுகளை எழுதியது, இலங்கையை எழுதவில்லை. இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவர்தான், அவர் கப்பலேறிய ஊர் இன்றும் தமிழ்நாட்டு வரைபடத்தில் இருக்கிறது.