அசட்டீக் போகிறவர்கள் சாப்பாட்டுக் கூலரைக் கட்டி வையுங்கள்

வாஷிங்டன் பக்கத்திலிருந்து வார இறுதிக்கு, காட்டுக் குதிரைகள் திரியும் அசட்டீக் தீவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "குதிரை கண்ணில் படுமா?" படும். கார் நிறுத்துமிடத்திலேயே நிற்கும். சாப்பாட்டை எங்கே வைப்பது என்றுதான் யாரும் கேட்பதில்லை.

அசட்டீக், மேரிலாந்து, வர்ஜீனியா இரண்டிலும் கிடக்கும் 37 மைல் நீள மணல்தீவு. மாநில எல்லையில் வேலி. மேரிலாந்துக் குதிரைகள் தேசியப் பூங்காவின் பொறுப்பு; வர்ஜீனியாக் குதிரைகள் சிங்கட்டீக் ஊரின் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குச் சொந்தம். தீவுக்குள்ளே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சாலை கிடையாது. வெளியே வந்து சுற்றிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கூடாரம் போட மேரிலாந்துப் பக்கத்தில்தான் அனுமதி. இது தெரியாமல் பதிவு செய்துவிட்டு, போன இடத்தில் கலங்கரை விளக்கத்தைத் தேடுகிறவர்கள் உண்டு. அது வர்ஜீனியாவில் இருக்கிறது.

இனி சாப்பாடு. குதிரைகள் கூலர் மூடியைத் திறக்கப் பழகிவிட்டன. எல்லாம் காருக்குள் இருப்பதே நல்லது, கழுவாத பாத்திரம், குப்பைப் பை உட்பட. வெளியே வைத்தே ஆகவேண்டும் என்றால் கூலரைப் பெல்ட் போட்டு இறுக்கி மேசைக்கு அடியில் தள்ளுங்கள். புளியோதரை டப்பாவைக் கூடாரத்துக்குள் வைத்தால் கூடாரமும் கிழியும்.

குதிரையின் வயிறு உப்பி நிற்பதைப் பார்த்துச் சினை என்பார்கள், வேறு சிலர் நோய் என்பார்கள். பெரும்பாலும் இரண்டும் இல்லை. சதுப்பில் மேயும் புல் உப்பு. அதனால் வீட்டுக் குதிரையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும், வயிறு ஊதும். மேரிலாந்துப் பக்கம் 1994இல் கருத்தடை ஊசியை அம்பாக எய்து எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தத் தொடங்கினார்கள். எப்படியிருந்தாலும் "பாவம், பசிக்குது" என்று கேரட் நீட்ட வேண்டாம். கை நீட்டினால் கடிக்கும், பின்னால் போனால் உதைக்கும். 40 அடி தள்ளி நிற்க வேண்டும். அது நெருங்கி வந்தால் நகர வேண்டியது நாம்தான்.

தீனி கொடுத்துப் பழக்கினால் என்ன ஆகும்? சாலையோரம் வந்து நின்று காரில் அடிபடும். சிப் என்ற ஆண் குதிரை கூடாரங்களில் சாப்பாடு தேடி ஆட்களை முட்ட ஆரம்பித்ததால், 2022இல் அதை டெக்சாஸில் உள்ள சரணாலயத்துக்கே அனுப்பிவிட்டார்கள். தப்பு குதிரையுடையதா?

ஜூலை கடைசிப் புதன்கிழமை வர்ஜீனியாவில் குதிரைகளை நீந்த வைக்கும் விழா. கூட்டம், வெயில், கொசு, கடிக்கும் ஈ எல்லாம் ஒன்றாக. என்னைக் கேட்டால் அக்டோபர்தான். கோடையில்தான் போவீர்கள் என்றால் கடல் பக்க இடத்தைப் பிடியுங்கள். காற்று இருக்கும், கொசு குறையும். ஆனால் மேற்கிலிருந்து காற்று திரும்பினால் சதுப்பின் ஈக்கள் கடற்கரைக்கே வந்துவிடும். கூடாரத்தோடு வரும் குட்டி ஆணிகள் மணலில் பிடிக்காது, முதல் காற்றிலேயே பிடுங்கிக்கொள்ளும். மணலுக்கென்று விற்கும் நீள ஆணி வாங்கிச் செல்லுங்கள். நிழலும் கிடையாது, பந்தல் துணியையும் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.