கிம்ப்ரலை நீக்கியதால் ஓரியோல்ஸுக்குப் பணம் மிச்சமா? இல்லை

2024 செப்டம்பரில் அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸ், பந்து வீச்சாளர் கிரெய்க் கிம்ப்ரலைக் கழற்றிவிட்டதைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "அதோடு அவர் சம்பளம் நின்றது, அணிக்குப் பணம் மிச்சம்" என்று ஒரு வரி சேர்ந்தே வருகிறது. தவறு.

ரசிகர்களின் கோபம் புரிகிறது. முழங்கை அறுவை சிகிச்சையால் அணியின் கடைசி இன்னிங்ஸ் வீச்சாளர் பெலிக்ஸ் பட்டிஸ்டா அந்த ஆண்டு முழுக்க ஆட முடியாததால், 1.3 கோடி டாலர் உறுதி கொடுத்து அழைத்து வந்த மூத்த ரிலீவர் (ஆட்டத்தின் நடுவே மாற்றாக வந்து வீசுபவர்) கிம்ப்ரல். சீசனின் முதல் பாதியில் நன்றாகவே வீசியவர் பின்பாதியில் அப்படியே சரிந்து, செப்டம்பர் 17 அன்று ஜயண்ட்ஸுக்கு எதிராக 6 ரன்கள் கொடுத்தார், மறுநாளே நீக்கம். அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 5.33, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்து ரன்னுக்கு மேல்!

சரி, பணம்? மேஜர் லீக் ஒப்பந்தத்தில் உறுதி செய்த தொகை, சரியாக ஆடவில்லை என்பதற்காக நிற்காது. அவரை நீக்கிய முறையான டி.எஃப்.ஏ. (designated for assignment) என்றால் அணியின் 40 வீரர் பட்டியலிலிருந்து எடுப்பது மட்டும்தான், அப்புறம் ஏழு நாளுக்குள் வேறு அணிக்கு மாற்றுவதா விடுவிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். வேறு அணி அந்த ஒப்பந்தத்தையே எடுத்துக்கொண்டால்தான் பாரம் மாறும். விடுவித்த பிறகு சேர்த்துக்கொள்ளும் அணி குறைந்தபட்சச் சம்பளத்தில் மீதி நாட்களுக்கான பங்கை மட்டும் கொடுக்கும், மீதி பழைய அணி தலையில்தான்.

"உடனே வேறு அணிக்குப் போய் பிளேஆஃபில் (சீசன் முடிந்து நடக்கும் நாக்-அவுட் சுற்றுகளில்) வீசுவார்" என்று சிலர் சொன்னதும் நடக்காத காரியம். அதில் ஆட, ஆகஸ்ட் முடிவதற்குள் அந்த அணியில் சேர்ந்திருக்க வேண்டும்.