துறைத்தலைவர் கடிதம்தான் எடுபடுமா?

"இளநிலை ஆய்வுத் திட்டத்துக்குத் துறைத்தலைவரின் பரிந்துரைக் கடிதம்தான் எடுபடும், கடைசி வாரம் கேட்டால் போதும்" என்று சொல்வது இரண்டுமே தவறு. உங்களோடு பழகியறியாதவர் மதிப்பெண்ணைத் தவிர என்ன எழுதுவார்? அதுதான் மதிப்பெண் பட்டியலிலேயே இருக்கிறதே. சோதனை சொதப்பியபோது என்ன செய்தீர்கள், ஆய்வகக் குறிப்பேட்டை எப்படி வைத்திருந்தீர்கள் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்த உதவிப் பேராசிரியரால்தான் எழுத முடியும். தேர்வுக்குழு தேடுவதும் அதைத்தான்.

கெடுவுக்கு 3, 4 வாரம் முன்பே, "வலுவான கடிதம் தர முடியுமா?" என்றே கேளுங்கள். தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். சம்மதித்தால் தன்விவரம், மதிப்பெண் பட்டியல், நோக்க அறிக்கை (ஏன் விண்ணப்பிக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதுவது) வரைவு, கெடு தேதி எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடிதத்தைப் பதிவேற்ற அவருக்கு மின்னஞ்சலில் வரும் இணைப்பு சில நேரம் அவருடைய ஸ்பேம் பெட்டியில் போய் விழும். ஒரு வாரம் முன்பு நினைவூட்டுங்கள்.