ஆட்கள் முந்துகிறார்கள், குழாய்கள் பிந்துகின்றன

வேலை பெருகும் ஊருக்கு ஆட்கள் வரத்தான் செய்வார்கள். தண்ணீர் வரவில்லை, வாடகை ஏறிவிட்டது, பள்ளியில் இடமில்லை என்ற குறைகள் எழும்போதெல்லாம் ‘எல்லாம் வந்தேறிகளால்தான்’ என்று முடித்துவிடுகிறோம். குறைகள் உண்மை, காரணம்தான் தவறு என்பது என் கருத்து.

ஆண்டுக்கு 2 விழுக்காடு வளரும் ஊரின் மக்கள்தொகை இரட்டிப்பாக ஏறத்தாழ 35 ஆண்டுகள் ஆகும். 7 விழுக்காடு என்றால் பத்தே ஆண்டுகள் போதும். ஆனால் ஒரு குடிநீர்த் திட்டத்தைத் தீட்டி, நிலம் எடுத்து, ஒப்பந்தம் விட்டுக் குழாய் பதித்து முடிப்பதற்குள்ளேயே பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. தொல்லை ஆட்களின் எண்ணிக்கையில் இல்லை, இந்த இரண்டு வேகங்களுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது.

சிகாகோவில் 1840-இல் இருந்தவர்கள் ஐயாயிரத்துக்கும் குறைவு. 1890-இல் அந்த எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது. தாழ்வான நிலமாதலால் கழிவுநீர் வடிய வாட்டமில்லை. எனவே 1850-களின் நடுவிலிருந்து, குழாய்களைத் தெருமட்டத்தில் போட்டு, மேலே மண் கொட்டித் தெருவையே உயர்த்தினார்கள். அதற்கேற்ப, ஏற்கெனவே கட்டி முடித்துக் குடியேறியிருந்த கட்டடங்களைத் திருகு ஜாக்கிகளால் அப்படியே தூக்கி நிறுத்தினார்கள். பிறகு கழிவு ஆற்றில் கலந்து, குடிநீர் எடுத்த ஏரியையே கெடுத்ததால், 1900-இல் ஆற்றின் போக்கையே எதிர்த்திசைக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. சாக்கடையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டதற்குக் கொடுத்த விலை அது.

அதற்காக, முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டிவிடலாம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்திலுள்ள வில்லிஸ்டன் நகரில் 2010-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 14,716 பேர்; ஷேல் எண்ணெய் (பாறை அடுக்குகளிலிருந்து எடுக்கும் எண்ணெய்) இழுத்த இழுப்பில் 2020-இல் 29,160 பேர். நடுவில் வீடு கிடைக்காதவர்கள் வண்டிகளிலும் தற்காலிக முகாம்களிலும் தங்கினார்கள், வாடகையோ பெருநகரங்களை மிஞ்சியது. எண்ணெயில் ஒரு காசும் பார்க்காத, ஓய்வூதியத்தில் வாழ்ந்த உள்ளூர்க் குடித்தனக்காரர்தான் அதில் முதலில் நசுங்கினார். 2014-இன் நடுவில் எண்ணெய் விலை சரியத் தொடங்கியதும் முகாம்கள் காலியாயின. இதைப் பார்த்த அதிகாரிகள் கடன் வாங்கிக் கட்டத் தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் தயக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் தலைக்கணக்கை வைத்து நிதி பிரித்தால், வளரும் ஊர் எப்போதும் பழைய சட்டையையே போட்டுக்கொண்டு நிற்கும். மின் இணைப்பு, பள்ளிச் சேர்க்கை, மகப்பேறு பதிவு ஆகியவை இடைப்பட்ட ஆண்டுகளிலேயே உண்மையைச் சொல்லிவிடுகின்றன. அவற்றைக் கொண்டு ஆண்டுதோறும் கணக்கைத் திருத்துவதற்குப் புதிய அறிவியல் எதுவும் தேவையில்லை. எண்ணுவதோடும் வேலை முடிந்துவிடாது. 1980-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான சீனாவின் ஷென்சென் நகரம், 2020-இல் சுமார் 1.75 கோடிப் பேரைக் கொண்டிருந்தது. அவர்களில் பெரும்பாலோரின் குடிப்பதிவு (பள்ளி போன்ற அரசுச் சேவைகளை எந்த ஊரில் பெறலாம் என்பதற்கான பதிவு) சொந்த ஊரில் கிடந்ததால், உழைப்பை ஏற்றுக்கொண்ட நகரம் அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் கொடுக்க நெடுங்காலம் தயங்கியது.

பணம் எங்கே என்று கேட்பார்கள். ஆட்கள் வந்ததால் ஏறிய நில மதிப்பில்தான் இருக்கிறது. நேற்று வரை கேட்பாரற்றுக் கிடந்த நிலத்தை மனை பிரித்து விற்பவர் அந்த ஏற்றத்துக்காகத் துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. அதில் ஒரு பங்கைக் குழாய்க்கும் சாலைக்கும் வசூலிப்பது நியாயம் என்பதே என் நிலைப்பாடு. (ஊர் கெட்டுவிட்டது என்று உரக்கப் புலம்புவோரில் மனை விற்றவர்களும் உண்டு.) புதிதாக வந்தவரோ கூடுதல் வாடகையையும் கொடுத்துவிட்டு, அதே தண்ணீர் வரிசையில் நம் பின்னால்தான் நிற்கிறார்.

வருபவர்களில் பெரும்பாலோர் இளையோர், பலர் தனியாள். இன்று அவர்களுக்குப் பள்ளி வேண்டாம், மருத்துவமனைப் படுக்கையும் அதிகம் வேண்டாம். வரி மட்டும் வருகிறது. பத்தாண்டு கழித்து அவர்களுடைய குழந்தைகள் வகுப்பறை வாசலில் நிற்பார்கள். அந்தப் பள்ளிக்கான நிலத்தை, விலை இன்னும் ஏறுவதற்கு முன், இந்த ஆண்டு வரும் வரியிலேயே வாங்கிப் போட்டுவிடலாம்.